இடைவெளிப் பட்டை

வரைபட அறை. ஏழாம் அலமாரி, அடி இழுப்பறை.
டர்பன் நகரசபை அதைத் தூக்கி எறியவில்லை,
எடுத்துக் காட்டவும் இல்லை.
மெழுகுத்துணியில் சுருண்டு கிடக்கிறது
ஐம்பதுகளின் நகரம்.
வெள்ளையருக்கு இளஞ்சிவப்பு.
எங்களுக்குப் பழுப்பு.
ஆப்பிரிக்கருக்குச் சாயம் செலவழிக்கவில்லை,
சாய்கோடு மட்டும்.
தீட்டியவன் கை நடுங்கியிருக்காது;
ஓரங்கள் அவ்வளவு சுத்தம்.

நான் இங்கே திட்டப் பரிசோதகர், நான்காம் கவுண்டர்.
சுவருக்கும் எல்லைக்கும் நடுவில்
எத்தனை மீட்டர் என்று கேட்பதற்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை கிஸ்டன் மூட்லி வந்தார்.
(முதலியை எந்தக் குமாஸ்தா மூட்லி ஆக்கினானோ,
அந்தக் கோப்பு எங்கள் துறையில் இல்லை.)
சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
மகனுக்குக் கல்யாணம், பின்பக்கம் ஓர் அறை.
எல்லைக்கு விட வேண்டியதில்
நாற்பது சென்டிமீட்டர் குறைகிறது என்றேன்.
"கேட்டோ மேனர்ல எங்கப்பாவ லாரியில ஏத்தினப்போ
ஒருத்தனும் டேப் கொண்டு வரலியே, மா."
விதிமுறைப் புத்தகத்தில் இதற்குப் பத்தி இல்லை.
விலக்குக்கு வழி உண்டு,
பின்புற அண்டை வீட்டார் கையெழுத்து வேண்டும் என்று
படிவத்தை நீட்டினேன்.
"பின்னாடிதான் யாரும் இல்லியே" என்றார்.

அதே வாரம் குடிநீர்த் துறையிலிருந்து இன்னொரு படிவம்.
பெயர்: நோம்தண்டாஸோ செலே.
மனை எண்: ஒரு கோடு.
தெரு: ஒரு கோடு.
முகவரி: இந்தியர் வீட்டு வேலிகளுக்குக் கீழே,
ஓடை வரை, இருபத்தாறு குடும்பங்கள்.

கணினித் திரையில் அந்த நிலம் பச்சை.
'பொதுத் திறந்தவெளி, சூழல் காப்பு.'
வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.
பழைய துணியைப் பக்கத்தில் விரித்தேன்.
அதே வளைவு, அதே நூறு கெஜ அகலம்.
சாட்ஸ்வொர்த்தின் பழுப்புக்கும்
உம்லாசியின் சாய்கோட்டுக்கும் நடுவே
'இடைவெளிப் பட்டை.'
சட்டம் செத்து முப்பது வருஷத்துக்கு மேல்.
கோடு இன்னும் பென்ஷன் வாங்குகிறது.

தொண்ணூற்றொன்றில் ரத்து செய்தார்கள்.
தொண்ணூற்றெட்டு வரை, பறிபோன நிலத்துக்கு மனு வாங்கினார்கள்.
இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் புதுச் சட்டம்;
அதன் முதல் கோட்பாடே இட நீதி.
ஒவ்வொரு முறையும் புதுத் தாளுக்கு மாற்றியவர்கள்
விளிம்பைத் தொடவில்லை,
உள்ளிருந்த நிறத்தை மாற்றினார்கள்.
கடைசியாக மாற்றியது நான்.
மூலையில் என் இன்ஷியல் இருக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தது:
நிலத்தைப் பிரித்தவர்கள்
ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ வைத்தார்களாம்.
பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது,
மற்றவை காய்ந்தால் உண்டாவது.
இது காய்ந்து உண்டானதில்லை,
ஸ்கேல் வைத்து உண்டாக்கியது.
இப்போது அங்கே சேம்பு விளைகிறது.

கருத்துக்கேட்பு நாள், சமூகக் கூடம்.
முதலில் எழுந்தவர் மூட்லிதான்.
"அது காலியா இருக்கணும்னுதானே பிளான்?
எங்களுக்காகத்தானே அந்த கேப் விட்டாங்க?"
செலே அம்மாள் ஸூலுவில் நெடுநேரம் பேசினார்.
மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிட்டார்:
தண்ணீர்தான் கேட்கிறார்.
நான் குறிப்பெடுத்தேன்.
மூட்லிக்குக் கிடைத்த கைதட்டலை எழுதக் கட்டம் இல்லை.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அவரை நிறுத்தி
படிவத்தை ஞாபகப்படுத்தினேன். பின்புற அண்டை.
என்னைப் பார்த்தார்.
அப்புறம், பிளாஸ்டிக் நாற்காலிகளை
அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்தார்.

பதினெட்டு நாள் கழித்து வந்தது.
செலே, நீல மை, அடுத்த தாள் வரை பதிந்த அழுத்தம்.
முகவரியை மூட்லி தன் கையால் நிரப்பியிருந்தார்:
'எங்க வேலிக்குக் கீழ.'
முத்திரை குத்தி மேலே அனுப்பினேன்.

இன்று காலை சட்டப் பிரிவு திருப்பியிருக்கிறது,
சிவப்பு மையில் ஒரு குறிப்போடு.
மனை எண் இல்லாதவர் அண்டை வீட்டார் ஆவாரா?
விளக்கம் தேவை.
ஏழு வேலை நாளுக்குள்.